மொழிபெயர்ப்புக்கும் சேர்த்து மூன்று நிமிடம்

எட்மண்டன் பக்கம் ஒரு கவுன்சில் கூட்டம். பொதுமக்களுக்கான கடைசி வரிசையில் நானும் ராணி அக்காவும் உட்கார்ந்திருக்கிறோம். நான் மதுரையிலிருந்து வந்து அவர் வீட்டில் தங்கியிருப்பவள். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், இங்கே தையல் கடை நடத்துகிறார்.

கூட்டத்தில் பேச வருகிறவர்களுக்கு ஆளுக்கு மூன்று நிமிடம், மொழிபெயர்ப்பும் அதற்குள்ளேயே என்று புதிய விதி கொண்டுவரப் பார்க்கிறார்கள். இன்று அது வெள்ளோட்டம். தமிழில் பேசுகிறவருக்கு மிஞ்சுவது ஒன்றரை நிமிடம்தான். அதை எதிர்த்துப் பேச அக்கா பெயர் கொடுத்திருக்கிறார்.

"நான் இங்கிலீஷ்ல எழுதித் தர்றேன் அக்கா, பார்த்துப் படிச்சிடுங்க." எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். சொல்லும்போதே பெருமையாக இருக்கிறது.

"வேண்டாம் தங்கச்சி. திருப்பிக் கேள்வி கேட்டினமெண்டால் முழிச்சுக்கொண்டு நிப்பன். தமிழிலயெண்டால் ஆரோடையும் வாதாடுவன்."

பெயரைக் கூப்பிடுகிறார்கள். அக்கா எழுந்து மொழிபெயர்ப்பாளரிடம், "பிள்ளை, நான் முடிக்குமட்டும் நீங்கள் வாய் திறக்கக்கூடாது" என்கிறார். பிறகு நிறுத்தாமல் தமிழில் பேசுகிறார். உறுப்பினர்கள் காகிதங்களைப் புரட்டுகிறார்கள். மணி அடித்ததும் நன்றி சொல்லி உட்கார்ந்துவிடுகிறார்.

அவர் என்ன சொன்னார் என்று தலைவர் கேட்கிறார். நேரம் முடிந்துவிட்டதே என்கிறார் மொழிபெயர்ப்பாளர்.

தலைவர் பக்கத்திலிருப்பவரிடம் குனிந்து பேசுகிறார். பிறகு கடிகாரத்தை மறுபடி மூன்று நிமிடத்துக்குத் திருப்பி வைக்கச் சொல்கிறார்.

அக்கா என்னை முழங்கையால் இடிக்கிறார்.

"இப்ப ஆறு."