கடலுக்கு அரிசி இல்லை

தீபாவளிக்கு மால்களில் கலர் அரிசிக் கோலம் போடுவதுதான் எனக்குப் பேர் வாங்கித் தந்த வேலை. பேர் என்றால் மயில். பத்து வருடமாக மயில்தான். போன வருடம் யாரோ அனுப்பிய படத்தைப் பார்த்தபோது, அது நான் போட்டதா வேறு ஆள் போட்டதா என்று எனக்கே தெரியவில்லை. போனில் பெரிதாக்கி இறகு இறகாகப் பார்த்தேன். அப்போதும் தெரியவில்லை. அன்று பிடித்த பயம்.

இந்த வருடம் ஜார்ஜ்டவுனில் ஒரு மாலுக்கு வேறு படம் வரைந்து கொடுத்தேன். ஃபெர்ரிக்குக் காத்திருக்கும் மூன்று பெண்கள், நமக்கு முதுகு காட்டி நிற்கிறார்கள். அவர்களுக்கு முன்னால் கடல். கடலுக்கு அரிசி போடாமல் மாலின் வெள்ளைத் தரையையே விட்டுவிட நினைத்திருந்தேன். அரிசிக் கோலத்தில் தரை தெரிந்தால் குறை என்பார்கள். விரல் அகலம் தெரிந்தாலும் அள்ளிப் போட்டு மூடுவோம். அதனால்தான் நான் வாயைத் திறக்கவில்லை. பென்சில் படம்தானே, பிறகு கலர் வரும் என்று நினைத்து மால் ஆபீசில் சரி சொல்லிவிட்டார்கள். மூன்றாம் படிவத்தோடு, பதினைந்து வயதில், பள்ளியை விட்டவள் நான். அவர்கள் முன்னால் விளக்கம் சொல்லப் போனால் நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

காலை ஒன்பதரைக்கு மூன்றாவது பெண்ணின் சேலைக் கரையை முடித்து எழுந்தேன். விழா வேலைகளைப் பார்க்கும் தம்பி வந்தார்.

“அக்கா, பத்து மணிக்குக் கதவைத் தொறந்துருவாங்க. பாதிதானே ஆயிருக்கு?”

“அவ்வளவுதான் தம்பி.”

“கடல் எங்க?”

தரையைக் காட்டினேன். குனிந்து பார்த்தார். “டைல்ஸ்தான் தெரியுது.”

என்னோடு வேலை செய்யும் அக்கா சிரித்துவிட்டார். “நீல அரிசி ரெண்டு டப்பா சும்மா கிடக்கு லா. எங்க போடணும்னு கேட்டா பேச மாட்டேங்குறா.”

“கொட்டிருங்கக்கா, அரை மணி நேரம் இருக்கு. பாஸ் இப்படிப் பார்த்தாருன்னா அடுத்த வருஷம் உங்களைக் கூப்பிட மாட்டாரு” என்றார் தம்பி.

அக்கா மூடியைத் திறந்து கை நிறைய அள்ளினார். கொட்டட்டும் என்றுதான் எனக்கும் இருந்தது. கொட்டினால் நன்றாகத்தான் இருக்கும். எல்லா மாலிலும் நன்றாகத்தானே இருக்கிறது. அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். நாலைந்து அரிசி சிந்தியது. விரலை ஈரமாக்கி ஒவ்வொன்றாக ஒற்றி எடுத்தேன்.

“அப்ப பாஸ்கிட்ட நீங்களே சொல்லிக்குங்க” என்றார் தம்பி.

பாஸ் சீனர். பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது வந்து, “பெலும் சியாப்?” என்றார் மலாயில், இன்னும் முடியவில்லையா என்று.

“சுடா சியாப், பாஸ்.” முடிந்துவிட்டது என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை சொன்னேன்.

“அப்போ இந்தக் காலி இடம்?” அதுவும் மலாயில்தான்.

“லாவுட்” என்றேன். கடல்.

அவர் பெண்களைப் பார்த்தார். அவர்கள் பார்க்கும் பக்கம் பார்த்தார். கிட்டே போகக் காலெடுத்தவர், வெறுந்தரையில் வைக்காமல் சுற்றிக்கொண்டு போனார்.

கூட்டம் மிதிக்காமல் கோலத்தைச் சுற்றிக் கயிறு கட்டும் ஆட்களைக் கூப்பிட்டார். பெண்களை ஒட்டி வைத்திருந்த கம்பங்களை எடுத்து, வெறுந்தரைக்கு அந்தப் பக்கம் வைக்கச் சொன்னார். கடைசிக் கம்பம் நகரும்வரை நான் உட்காரவில்லை.