முனியாண்டி சாமிக்கு ஒரு சுருட்டுப் பெட்டி

போன வருட ஆடிப் பூசையில், பத்தாங் காலி பக்கத்துத் தோட்டத்து முனியாண்டி கோயிலில், அருள் வந்து நின்ற என் அண்ணன் கையில் சுருட்டு மூன்று முறை அணைந்தது. "சாமி இவன விட்டுப் போயிருச்சு" என்று கோயில் தலைவர் எல்லார் காதிலும் விழும்படி சொன்னார். பாவி மனுஷன்! "அடுத்த வருசமும் அணைஞ்சா பூசைய விட்டுர்றேன் தங்கச்சி" என்றார் அண்ணன்.

சுருட்டைப் பதமாக வைக்கத் தனிப் பெட்டி உண்டு என்று கேள்விப்பட்டு, இந்த ஜூனில் ஒரு சனிக்கிழமை அசாம் ஜாவா என்ற ஊருக்குக் காரை எடுத்தேன். ரவாங் வழியாக அறுபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். எட்டரைக்குக் கிளம்பி பத்து மணிக்குள் போய்விட்டேன்.

சாமி வாகனமும் இந்த மாதிரிப் பெட்டியும் செய்யும் சேகர் ஆசாரியின் பட்டறை, செம்பனைத் தோட்டத்தை ஒட்டி இருக்கிறது. மனுஷனுக்கு வாய் கொஞ்சம் நீளம். கோயிலில் சுருட்டு வைக்கும் பிஸ்கட் டின்னைத் திறந்து காட்டினேன். மோந்து பார்த்துத் தும்மினார்.

"யக்கா, சுருட்டு, கற்பூரம், சாம்பிராணி எல்லாத்தயும் ஒரே டின்னுலயா போடுவாங்க? பூசணம் புடிச்சு ஊறிக் கெடக்கு. சாமியே வந்து இழுத்தாலும் எரியாது லா!"

"அப்ப எங்கண்ணன் மேல தப்பில்லயா?"

"டின்னு மேலதான் தப்பு."

அங்கேயே அழுதிருப்பேன். அடக்கிக்கொண்டேன்.

வெளியே கெட்டியான மெர்பாவ் மரம், உள்ளே வாசமுள்ள சுரியான் மரம், காற்றுப் புகாத மூடி, ஈரத்தைச் சமமாக வைக்க ஒரு பொட்டலம். விலை நானூற்றைம்பது வெள்ளி, செய்து முடிக்க மூன்று வாரம். எடுக்கப் போன அன்று, புதுப்பொருளாயிற்றே என்று சந்தனத்தைக் குழைத்து மூடியின் உட்பக்கம் கையைக் கொண்டுபோனேன். "ஐயோ, உள்ள பூசாதீங்க! பொட்டெல்லாம் வெளியில!" என்று பட்டறையே அதிரக் கத்தினார்.

போகிறவர்கள் முன்கூட்டியே போன் செய்துவிடுங்கள். ஞாயிறு பட்டறை இல்லை. அளவுக்கு ஒரு சுருட்டைக் கொண்டுபோங்கள். உள்ளே வார்னிஷ் கேட்டுத் திட்டு வாங்காதீர்கள். பக்கத்தில்தான் கோலசிலாங்கூர், மீன் வாங்கிக்கொண்டு திரும்பலாம்.

பூசை என்ன ஆயிற்று என்கிறீர்களா? ஒரே தீக்குச்சிதான். சுருட்டு நுனி சிவந்தது. குறி கேட்க முதல் ஆளாக வந்து நின்றவர் தலைவர்! அண்ணன் அவர் நெற்றி நிறைய விபூதி பூசிவிட்டார்.

அருள் வந்தால் அண்ணனுக்கு நடப்பது எதுவும் தெரியாது. மலையேறியதும் கண்ணைத் திறந்து என்னைத்தான் தேடினார்.

"அணைஞ்சுச்சா தங்கச்சி?"

அவர் விரலிடுக்கைக் காட்டினேன். மிச்சத் துண்டு இன்னும் புகைந்துகொண்டிருந்தது.