பேட்டரி வண்டிக்குத் தையல் மெஷின் ஆயில்

ஆர்டர் கொடுக்க வரும் பையர்களை எங்கள் கார்மென்ட்ஸ் ஃபேக்டரி சுற்றிக்காட்டும் பேட்டரி வண்டி, இன்று காலை லோடிங் சரிவில் பிரேக் பிடிக்காமல் அட்டைப்பெட்டி அடுக்கில் போய் முட்டியது. மதியம் பையர் வருகிறார்.

இங்கே மெயின்டனன்ஸ் என் பொறுப்பு. பின்சக்கரங்களைக் கழற்றினேன். பிரேக் ஷூ முழுக்க எண்ணெய்.

டிரைவர் அண்ணன் முன்பு எங்கள் டைலர். "கிரீச்சுன்னு கத்துச்சுங்க அம்மிணி. மெஷின் ஆயில் நாலு சொட்டு உட்டேன், அடங்கிருச்சுங்க" என்றார் பெருமையாக.

"இது வழுக்கக் கூடாதுங்கண்ணா, பிடிக்கோணும்!"

பிரேக் டிரம்மைச் சுத்தமாகத் துடைத்துப் புது ஷூ மாட்டினேன். இரண்டு சக்கரமும் ஒன்றுபோல் பிடிக்கும்படி பிரேக் கேபிளை இறுக்கி வைத்தேன். பிறகு முதலாளியையே உட்காரவைத்துச் சரிவில் இறக்கினேன். பாதியில் பிரேக்கை மிதித்தேன். அசையாமல் நின்றது.

"ஏம்மா, லேசாக் கத்துதே?"

"கத்தட்டுங்க. நிக்குதுங்கல்ல?"

பையர் பத்திரமாகச் சுற்றிப்பார்த்துவிட்டுப் போனார். மாலையில் அண்ணன் வந்து, லிஃப்டும் கத்துகிறது என்றார்.

ஆயில் கேன் இப்போது என் டிராயரில், பூட்டுக்குள். உங்கள் கம்பெனியில் மெஷின் ஆயிலை எதற்கெல்லாம் விடுகிறார்கள்?