இணைச்சீரில் ஒரு செங்கண் ஈ

சாந்தாமணிக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தாலும் இரண்டு ஸ்டாப்புக்கு முன்பே எழுந்து படிக்கட்டுப் பக்கம் போய் நின்றுகொள்வாள். சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்தாலும் ஒரு கால் ஆடிக்கொண்டே இருக்கும். "இவ கால்ல சக்கரத்தக் கட்டிப் பெத்துப்போட்டனாட்ட இருக்குது" என்று பெற்ற தாய் வள்ளியாத்தாளே அலுத்துக்கொள்வாள். கால் போதாதென்று அவளுக்கு வாய்த்த வேலையும் அப்படித்தான். கோவையில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில், தாவித் திரியும் ஜீன் ஒன்று எவ்வளவு தாவுகிறது என்று அளக்கிற வேலை.

அளப்பதென்றால் முழம் போட்டு அல்ல. பழம் கனிந்து அழுகினால் மொய்க்குமே சின்ன ஈ, அதற்குக் கண் நல்ல சிவப்பு. இவள் வளர்த்த ஈக்களுக்கோ கண் வெளிறிக் கிடக்கும். சிவப்பைத் தரும் ஜீனுக்கு நடுவில் அந்தத் தாவும் ஜீன் போய்க் குந்திக்கொண்டதுதான் காரணம். ஈ புழுவாக வளரும்போது, கண்ணாகப் போகிற ஏதோ ஒரு செல்லில் அது எழுந்து போய்விட்டால், அந்தச் செல்லும் அதன் வாரிசுகளும் சிவந்துவிடும். வெளிறிய கண்ணில் குங்குமம் தெறித்தாற்போல் ஒரு புள்ளி. நூறு ஈயில் எத்தனைக்குப் புள்ளி என்று மைக்ராஸ்கோப்பில் எண்ணினால் தாவலின் வேகம் தெரிந்துவிடும். சூடு ஏற ஏறப் புள்ளியும் கூடியது. அதுவரைக்கும் கணக்கு சுத்தம்.

ஆனால் கண்ணில் தாவியது அந்த ஈயோடு செத்துப்போகும். விந்திலோ முட்டையிலோ தாவினால்தான் பிள்ளைக்குப் போய்ச் சேரும். அப்படிப் பிறக்கும் ஈக்கு இரண்டு கண்ணும் முழுச் சிவப்பாக இருக்கும். அந்த ஒரே ஒரு ஈக்காகத்தான் சாந்தாமணி தவம் கிடந்தாள். அது வந்தபாடில்லை. "இந்தத் தடவையும் வரலைன்னா இத மூடிப்போட்டு வேற வேலை பாக்கலாமுங்க" என்று பேராசிரியர் திருமலைசாமி மரியாதையாகவே சொல்லிவிட்டார். மரியாதையாகச் சொன்னால் வலிக்காதா என்ன? டாக்டர் பட்டமும் போச்சு, பட்ட பாடும் போச்சு என்று அவள் தூக்கம் கெட்டுக் கிடந்தாள்.

அந்தக் கடைசி ஈக்கூட்டம் கூட்டைவிட்டு வெளிவரும் நாளில்தானா தம்பி தம்பிதுரைக்குக் கோபிசெட்டிபாளையத்தில் கல்யாணம் வர வேண்டும்! தொண்ணூற்றைந்து தை மாதம். தாலிக்கு முன்னால் மாப்பிள்ளைக்கு இணைச்சீர் என்ற சடங்கு செய்யக் கூடப்பிறந்தவள் வேண்டும். இருப்பது இவள் ஒருத்தி. வெளிவந்த ஈக்களை, அவை ஜோடி சேருவதற்கு முன், சில மணி நேரத்துக்குள் ஆண், பெண் பிரித்தாக வேண்டும். அதற்கும் இவள் ஒருத்தி. இன்னொருவரை நம்பி விட்டுப்போக மனசு வராமல், கண்ணாடிக் குழாய்களைத் துண்டில் சுற்றிக் கட்டைப்பையில் போட்டுக்கொண்டு சத்தியமங்கலம் வழியாகப் போகும் பஸ் ஏறிவிட்டாள்.

"ஈ ஓட்டறதுக்கா உன்னைய எம்மெஸ்ஸி படிக்க வெச்சோம்?" என்றாள் வள்ளியாத்தாள்.

விடிகாலையில் மண்டபத்தில் கூட்டமில்லாத ஒரே அறை, வாழைத்தார் அடுக்கி வைத்த அறை. அவசரக்காரிக்கு அது உறைக்கவில்லை. அங்கேயே உட்கார்ந்து ஈக்களை ஒரு குழாயிலிருந்து இன்னொன்றுக்குத் தட்டினாள். தட்டும்போது கண்ணில் பட்டது. சிவப்பு. இரண்டு கண்ணும் சிவப்பு!

மறுகணமே அண்ணாந்து பார்த்தாள். தாரைச் சுற்றி ஊர் ஈக்கள் பறந்துகொண்டிருந்தன. அவற்றுக்கும் சிவப்புக் கண்தானே! அடப்பாவமே, இது குழாயில் பிறந்ததா, தாரிலிருந்து உள்ளே புகுந்த திருட்டு ஈயா? கண்டுபிடிக்க வழி இருந்தது. அவளுடைய ஈக்களுக்குச் சிறகு மேல்நோக்கிச் சுருண்டிருக்கும், பறக்க வராது. ஊர் ஈ நேரான சிறகோடு விர்ரென்று போய்விடும். பஞ்சால் குழாயை அடைத்து வெளிச்சத்தில் தூக்கப் போனாள். அதற்குள் வள்ளியாத்தாள் வந்து தோளைப் பிடித்தாள்.

"அங்க அருமைக்காரரு காத்துட்டிருக்காரு, நீ இங்க ஈயக் கொஞ்சிட்டிருக்கற! எந்திரிச்சு வா அம்மிணி!"

குழாயை விட்டுப்போக முடியுமா? அவள் தலையில் சுமக்க வேண்டிய பேழைமூடி என்ற மூங்கில் கூடையில் கூறைச்சேலை இருந்தது. அதன் மடிப்புக்குள் குழாயைச் செருகிவிட்டாள்.

சீரை நடத்திவைக்கும் அருமைக்காரர் பொங்கியண்ணன் எதையும் நிறுத்தி நிதானமாகச் செய்பவர். சாந்தாமணி கூடையை இறக்கித் தம்பி பக்கத்தில் உட்கார்ந்தாள். கால் ஆட ஆரம்பித்தது.

"என்னங்க்கா, இந்த ஆட்டம் ஆடுது?" என்று தம்பிதுரை கிசுகிசுத்தான்.

"செவப்புக்கண்ணு ஒண்ணு வந்திருக்குதுடா. நம்முளுதா, வாழத்தார் ஈயான்னு தெரீல. கூடைக்குள்ள இருக்குது."

வாரா வாரம் இந்த ஈப் புராணத்தைக் கேட்டு ஊறியவன் அவன். மாப்பிள்ளை முகம் வெளுத்துவிட்டது.

பொங்கியண்ணன் சேலையை எடுத்து உதறினார். ஜரிகையில் சிக்கிப் பஞ்சு பிடுங்கிக்கொண்டது. குழாய் பாயில் உருண்டது. ஈக்கள் சேலைமேல் ஊர்ந்து வந்தன.

"கூறையில ஈயி!" என்று வள்ளியாத்தாள் முந்தானையை ஓங்கினாள்.

"அடிச்சுப்போடாதீங்கம்மா!"

சாந்தாமணி கத்திய கத்தலில் மேளம் நின்றுவிட்டது. செங்கண் ஈ மற்றவற்றை முந்திக்கொண்டு சேலையின் விளிம்புக்கு ஏறியது. பறந்துவிட்டால் எல்லாம் முடிந்தது. பறக்காதே, சாமி, பறக்காதே என்று சாந்தாமணி மூச்சைப் பிடித்துக்கொண்டாள். அது எகிறியது. எகிறி, தம்பிதுரையின் பட்டு வேட்டியில் தொப்பென்று விழுந்தது. மறுபடி எகிறியது, மறுபடி விழுந்தது.

"நம்முளுதுதானுங்க்கா!" என்றவன், காப்புக் கட்டிய கையால் குழாயை அதன்மேல் கவிழ்த்தான்.

சாந்தாமணி வாய்விட்டு அழுதாள். தம்பிமேல் எத்தனை பாசம் பாரு என்று சனம் உருகியது. மற்ற ஈக்களையும் திரட்டி அடைத்துவிட்டு, அவள் குழாயை வாங்கக் கை நீட்டினாள். அவன் தரவில்லை.

"உங்ககிட்டக் குடுத்தா இப்பவே பஸ்ஸேறிப் போயிருவீங்க. தாலி கட்டற வரைக்கும் எங்கிட்டயே இருக்கட்டும்."

கல்யாண ஆல்பத்தில் பார்க்கலாம். தாலி கட்டும் படத்தில் மாப்பிள்ளையின் சட்டைப் பையில் ஒரு கண்ணாடிக் குழாய் நீட்டிக்கொண்டிருக்கும். எல்லாரும் மணப்பெண்ணின் கழுத்தைப் பார்க்க, அக்காள் ஒருத்தி மட்டும் அந்தப் பையையே பார்த்துக்கொண்டிருப்பாள்.