எலி வாலில் நாற்பத்தைந்து டிகிரி

எண்பதுகளின் தொடக்கத்தில் மதுரையில் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி மாணவனாக இருந்தேன். அவனியாபுரத்திலிருந்து பஸ் பிடித்துப் போய் எலியின் வாலைச் சுடுவதுதான் வேலை. என்ன படிக்கிறாய் என்று கேட்கும் சொந்தக்காரர்களிடம் ‘மூளை’ என்று மட்டும் சொல்லிவைப்பேன்.

மயக்கமருந்து கொடுத்த எலியின் மூளைக்குள், முடியைவிட மெல்லிய கம்பி ஒன்றை இறக்குவோம். ஒரு நரம்புச் செல் அகப்பட்டால், அது துடிக்கும் ஒவ்வொரு முறையும் ஸ்பீக்கரில் ‘டப்’ என்று கேட்கும். வாலில் கட்டிய சிறு உலோக வில்லையைச் சூடாக்குவோம். நாற்பது டிகிரி வரை செல் சும்மா இருக்கும். நாற்பத்தைந்தைத் தாண்டினால் கடுகு பொரிகிற மாதிரி படபடவென்று வெடிக்கும். எலி என்னவோ நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருக்கும்.

ஒருநாள் இதைப் பார்க்கச் சென்னையிலிருந்து மூத்த டாக்டரம்மா ஒருவர் வந்தார். எங்கள் பேராசிரியர் புதுச்சட்டை போட்டிருந்தார். காலையிலிருந்து தேடி நல்ல செல் ஒன்றைப் பிடித்துவைத்திருந்தோம். என்னோடு ஆராய்ச்சி செய்த சௌராஷ்டிரப் பெண் மீட்டரைப் பார்த்து டிகிரி சொன்னாள்.

“நாப்பத்தஞ்சு.”

சத்தமில்லை.

“நாப்பத்தெட்டு.”

ஸ்பீக்கர் வாய் திறக்கவில்லை. பேராசிரியர் என்னைப் பார்த்த பார்வையில் என் பட்டம் கரைந்துகொண்டிருந்தது.

ஸ்பீக்கருக்குப் போகும் ஒயரை விரலால் சுண்டினால் அதே ‘டப்’ வரும் என்பது எனக்குத் தெரியும். கையை மெதுவாக மேசைக்கடியில் விட்டேன். டப். டப் டப்.

பேராசிரியர் முகம் மலர்ந்தது. “பாத்தீங்களாம்மா, எம்புட்டு வேகமாச் சொல்லுது!”

எனக்கும் உற்சாகம் வந்துவிட்டது. வேகத்தைக் கூட்டினேன்.

டாக்டரம்மா கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டார். “நல்லா இருக்கு சார். ஆனா அந்த வில்லை வால்ல இல்லையே. உங்க ஃபைல் மேலல்லவா கிடக்கு?”

கட்டு அவிழ்ந்து நழுவிய வில்லை, ஃபைல் அட்டையைச் சூடேற்றிக்கொண்டிருந்தது. சூடே படாத செல் நியாயமாகத்தான் சும்மா இருந்திருக்கிறது. நான் மட்டும் இன்னும் சுண்டிக்கொண்டிருந்தேன்.

“அண்ணே, போதும்ணே,” என்று கிசுகிசுத்தாள் மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தவள்.

டாக்டரம்மா குனிந்து மேசைக்கடியில் பார்த்தார். திட்டவில்லை. வில்லையை ஆறவிட்டுத் தானே வாலில் கட்டினார். மறுபடி சூடேற்றினோம். நாற்பத்தாறில் செல் பொரிந்து தள்ளியது, ஆறவிட்டதும் அடங்கியது.

“அருமையான செல். தம்பியோட ஒத்தாசையே தேவையில்ல,” என்றார்.

அவரை வழியனுப்பிவிட்டு வந்த பேராசிரியர் நோட்டைப் புரட்டினார். “ஏண்டா, இதுவரைக்கும் எழுதுனதுல எம்புட்டு எலி, எம்புட்டு நீயி?”

அன்று ஒருநாள்தான் என்று சத்தியம் செய்தேன். அவர் நம்பவில்லை. எல்லாச் சோதனைகளையும் முதலிலிருந்து செய்யச் சொன்னார். ஒவ்வொரு முறை சூடேறும்போதும் நான் இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கி நிற்க வேண்டும். அதைப் பார்த்துச் சிரித்துச் சிரித்து அவள் இரண்டு தடவை டிகிரியைத் தப்பாகச் சொன்னாள். அதையும் திரும்பச் செய்தோம்.

ஒரு மாதம் கழித்து, பழைய கணக்கும் புதிய கணக்கும் ஒத்துப்போயின. பேராசிரியர் நோட்டை மூடினார்.

“சரி, கைய எறக்கு.”