ஆட்டத்துக்கு நடுவில் ஒரு குரல்

கூரைக்குக் கீழே லொஃப்டை ஒதுக்குகிறேன் என்று போன சனிக்கிழமை ஏறியவன், பாதி வேலையில் ஒரு பழைய கம்ப்யூட்டர் ஸ்பீக்கரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். சாம்பல் நிற பிளாஸ்டிக். ஈரத்துணியால் துடைத்ததும் அதன் வலைக்குள்ளிருந்து மிளகாய்த்தூள் மணம் வந்தது. அடுக்கடுக்காகத் தும்மினேன். கீழே இருந்து மனைவி, தடிமனோ, சளி பிடிச்சிட்டுதோ என்று கேட்டாள். இதே ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் அதே சொல்லை ஒருவர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அதன்பிறகு லொஃப்டாவது ஒதுக்குவதாவது.

2009இல் நான் ஈஸ்ட் ஹாமில் சூசைதாசன் அங்கிளின் பலசரக்குக் கடையில் வேலை செய்தேன். அவரும் மனைவி பிலோமினா அன்ரியும் மன்னார் ஆட்கள். சுவிஸில் பல வருடம் உணவகச் சமையலறையில் நின்று உழைத்தவர்கள். ஒரே மகன் நிக்சன் இங்கிலீசில் படிக்க வேண்டும் என்று, கையிலிருந்த நல்ல வேலையை விட்டுவிட்டு லண்டனுக்கு வந்து கடை போட்டார்கள். மகனோ கணக்கியல் படிப்பைப் பாதியில் விட்டு, ரேடியோவில் கதைக்கப் போகிறேன் என்று அமெரிக்காவுக்குக் கிளம்பிவிட்டான். போனால் செத்தவன் என்றுதான் நினைப்பேன் என்று அங்கிள் சொன்னாராம். அப்படியே நினையுங்கோ என்று அவனும் சொன்னானாம். இருவருமே சொன்ன சொல்லில் நின்றார்கள். வீட்டில் அவன் பெயரை எடுக்கக்கூடாது. கடையில் எடுக்கலாம், ஆனால் அங்கிள் மொத்தச் சரக்கு எடுக்க காஷ் அண்ட் கேரிக்குப் போயிருக்க வேண்டும்.

அப்படி அவர் போயிருந்த ஒரு மத்தியானம், டொரோண்டோவில் இருக்கும் தன் அக்கா மகள் சொன்னதாக அன்ரி ஒரு செய்தி கொண்டுவந்தார். நிக்சன் அமெரிக்காவில் ஏதோ ஒரு நகரத்து ரேடியோவில் இருக்கிறான். பேஸ்பால் வர்ணனைக்கு நடுவில் மற்ற ஊர் ஆட்டங்களின் நிலவரம் சொல்வான், விளம்பரமும் வாசிப்பான். இங்கிருந்து கேட்பதென்றால் இணையத்தில் பணம் கட்ட வேண்டும். அன்ரியிடம் கார்ட் இல்லை. அங்கிளின் கார்டைத் தொட முடியாது. அன்ரி என்னைப் பார்த்தார். இவ்வளவு பெரிய கம்ப்யூட்டர் நிபுணன் என்று அதுவரை யாரும் என்னை நினைத்ததில்லை. அந்தப் பெருமையிலேயே என் கார்டைக் கொடுத்துக் கட்டிவிட்டேன்.

அமெரிக்காவில் பகல் ஆட்டம் என்றால் எங்களுக்கு மாலை ஆறு மணி. கடைக்குப் பின்னால் சரக்கு அறையில், மிளகாய்த்தூள் பெட்டிகளுக்கு மேல் என் மடிக்கணினியையும் இந்த ஸ்பீக்கரையும் வைத்தோம். அன்ரி ஒரு பக்கெட்டைக் கவிழ்த்து அதில் உட்கார்ந்து, கறிவேப்பிலையைச் சின்னப் பைகளில் போட்டுக்கொண்டே கேட்பார். முதல் நாளே ஏமாற்றம். விளம்பரம் வரும் இடத்திலெல்லாம் இணையத்தில் ஒலி நின்றுவிடும். அவன் வாசிப்பதில் பெரும்பாதி அந்த மௌனத்துக்குள் போய்விட்டது. மிச்சம் இருந்தது நிலவரம் மட்டும். அதுவும் ஒரு நிமிடம் தேறாது.

வர்ணனையாளர்கள் இருவர். அவசரமே இல்லாத ஆட்கள். பந்து ஒன்று போவதற்குள் வானம், பழைய ஆட்டக்காரர், மத்தியானம் சாப்பிட்டது என்று ஊர்க்கதை எல்லாம் கதைப்பார்கள். பிறகு திடீரென்று ஒரு இளம் குரல் புகுந்து ஊர்ப்பெயர்களையும் எண்களையும் கடகடவென்று சொல்லி, கடைசியில் தன் பெயரையும் சொல்லிவிட்டுப் போகும்: நிக் சூசா. எனக்கு அது அச்சு அமெரிக்கனாகத்தான் கேட்டது. அன்ரியின் கை கறிவேப்பிலையில் அப்படியே நின்றது.

“தடிமன் பிடிச்சிருக்கு அவனுக்கு,” என்றார்.

கொஞ்ச நேரம் கழித்து, “தகப்பன்ர பேரைத்தான் சொல்லுறான். கொஞ்சம் வளைச்சு,” என்றார்.

பேஸ்பால் விதிகளை நான் அவருக்கு விளக்க முயன்றேன். பாதி எனக்கே தெரியாது. மீதியைப் பிழையாகச் சொன்னேன். அன்ரி பொறுமையாகக் கேட்டுவிட்டு, இது எங்கட எல்லே தானே என்றார். எல்லே என்பது ஊரில் மட்டையால் பந்தை அடித்துவிட்டு ஓடும் ஆட்டம். மன்னாரில் பள்ளிக்கூட அணிக்கு ஆடியவராம். அதற்குப் பிறகு விளக்கம் எல்லாம் அவர் பக்கத்திலிருந்துதான் வந்தது.

அந்த வசந்தத்தில் கடையின் முன்பக்கத்தில் தமிழ்த் தொலைக்காட்சி ஓடியபடியே இருக்கும். வன்னிப் போர்ச் செய்தி. பால் வாங்க வந்தவர்கள் பாலை மறந்து அதன் முன்னால் நிற்பார்கள். அங்கிள் கல்லாவில் இருந்தபடி பார்ப்பார். பின்னால் நாங்கள் ஏதோ ஒரு தூர ஊர் ஆட்கள் பந்தடிப்பதைக் கேட்டுக்கொண்டிருக்கிறோம் என்று அன்ரிக்கு வெட்கமாக இருந்தது. கதவைச் சாத்திவைக்கச் சொல்வார். மே மாதத்தில், எல்லாம் முடிந்தது என்று செய்தி வந்த கிழமை முழுக்க, அவர் அந்த அறைக்குள்ளேயே வரவில்லை.

யூன் மாதத்தில் ஒரு மாலை, நிலவரம் போய்க்கொண்டிருந்தபோது அங்கிள் கதவைத் திறந்தார். நான் ஸ்பீக்கரைத் தட்டி அணைக்கப் பார்த்தேன், அதற்குள் குரல் ஓய்ந்து பெயரும் வந்து போயிற்று. உது ஆர் என்று கேட்பார் என்று காத்திருந்தோம். முன்னுக்கு ஆள் நிற்கிறது, போ என்று என்னிடம் மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பினார். அடுத்த ஆட்டத்திலிருந்து ஆறு மணி தாண்டியதும் அவருக்குக் கதவுக்கு வெளியே ஏதாவது வேலை இருக்கும். வெங்காய மூட்டையை அந்தப்பக்கம் வைப்பார், பிறகு இந்தப்பக்கம் வைப்பார். உள்ளே வரமாட்டார்.

ரேடியோவுக்கு ஒரு ஈமெயில் போடுவோமா என்று நான் கேட்டேன். அன்ரி அப்போது வயிற்றில் நோய் கண்டு ஆஸ்பத்திரிக்கு அலைந்துகொண்டிருந்தார்.

“வருத்தம் எண்டு சொல்லிக் கூப்பிடக் கூடாது, தம்பி. நினைச்சு வந்தால் வரட்டும்.”

அடுத்த ஏப்ரலில் மறுபடி பணம் கட்டினேன். ஆறு மணி ஆனது, வானமும் பழைய ஆட்டக்காரரும் வந்தார்கள், நிலவரமும் வந்தது. வேறு குரல். வேறு பெயர். லீவில் நிற்பான் என்றார் அன்ரி. மறுநாளும் அதையே சொன்னார். டொரோண்டோவில் இருந்த அக்கா மகளுக்குப் போன் எடுத்துக் கேட்டேன். வேலையை விட்டுவிட்டானாம், எங்கே போனான் என்று தெரியாதாம், தொலைபேசி எண்ணும் மாறிவிட்டதாம். அந்தப் பெயரில் இணையத்திலும் ஒன்றும் அகப்படவில்லை.

அன்ரி விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு மாலை அங்கிள் உட்காரக் கதிரை ஒன்றைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார். மகன் இல்லாத அந்த ஆட்டத்தை மனைவியோடு இருந்து கடைசிவரை கேட்டார். முடிந்ததும் என்னிடம் கேட்டார்:

“கட்டின காசுக்கு வேற ஊர் ரேடியோவும் வருமோ?”

வரும் என்றேன். முப்பது அணி, ஒவ்வொன்றுக்கும் ஒரு ரேடியோ.

“அப்ப ஒவ்வொண்டாய்ப் போடு.”

அந்தக் கோடை முழுக்கப் போட்டோம். ஒவ்வொரு ஊரிலும் இடையில் யாரோ ஒருவன் வந்து நிலவரம் சொன்னான். ஒவ்வொரு முறையும் அங்கிள் அன்ரியின் முகத்தைப் பார்ப்பார். அன்ரி தலையை ஆட்டுவார், இல்லை. நான் அடுத்த ஊரைத் தட்டுவேன். மகனைப் பற்றி அவர்கள் இருவரும் கதைத்து நான் கேட்டதே இல்லை. அந்தப் பார்வையும் தலையாட்டலும்தான். இலையுதிர்காலத்தில் ஆட்டங்கள் முடிந்தன. நத்தார்ப் பண்டிகைக்கு முன் அன்ரி போய்விட்டார். தேவாலயத்தில், அடக்கப் பூசையின்போது, அங்கிள் அடிக்கடி வாசலைத் திரும்பிப் பார்த்தார். யார் சொல்லி அவன் வருவான்?

நான் வேறு வேலைக்குப் போய், கலியாணம் கட்டி, ரெய்னர்ஸ் லேனுக்கு வந்துவிட்டேன். கடையை அங்கிள் விற்றார். இப்போது அங்கே மொபைல் போன் திருத்துகிறார்கள். ஒவ்வொரு வசந்தத்திலும் அவரிடமிருந்து அழைப்பு வரும், பணம் கட்டினாயா என்று. கட்டினேன் என்பேன். எப்படிப் போட்டுக் கேட்பது என்று ஒவ்வொரு வருடமும் முதலிலிருந்து சொல்லிக்கொடுப்பேன்.

இந்த வசந்தத்தில் அழைப்பு வரவில்லை என்று மோர்டனுக்கே போய்ப் பார்த்தேன். அங்கிள் இப்போது அங்கே தன் தங்கை மகள் வீட்டில் இருக்கிறார். இரண்டு காதிலும் மெஷின், இருந்தும் நான் சொன்னதில் பாதியை அந்தப் பெண்தான் அவர் காதோடு மறுபடி சொன்னாள்.

“துவங்கிட்டுதோ?” என்று கேட்டார்.

ஓம் என்று தலையசைத்தேன்.

“எனக்கு இனி விளங்காது. நீ கேள். உனக்கு அவன்ர குரல் தெரியும் தானே.”

“தெரியும், அங்கிள்,” என்றேன்.

திரும்பி வரும்போது ரயிலில் அதை நினைவில் எடுத்துப் பார்க்க முயன்றேன். அன்ரி தலையாட்டியது வந்தது. அந்த இரண்டு வர்ணனையாளர்களின் இழுவை வந்தது. அவனுடைய குரல் வரவில்லை. இப்போதும் ஆறு மணிக்குச் சில நாள் போட்டுக் கேட்கிறேன். எந்த ஊரில் எவன் நிலவரம் சொன்னாலும் இவன்தானோ என்று படுகிறது. அவனே வந்து சொன்னாலும் எனக்குத் தெரியப்போவதில்லை.