கடைசி இடத்தில் உட்கார்ந்த கண்காணி

பேத்தியின் கைபேசியில் படம் ஓடிக்கொண்டிருந்தது. அனிமே என்கிறாள், ஜப்பான்காரர்கள் வரைந்து எடுக்கிற படம். அதில் ஒரு படைத்தலைவி. கூட இருப்பவர்கள் எல்லாம் சிரிக்கிறார்கள், அழுகிறார்கள், கட்டிப்பிடித்துக்கொள்கிறார்கள். அவள் மட்டும் தள்ளியே நிற்கிறாள். "தலைவின்னா ஏன் பாட்டி எப்பவும் உம்முனு இருக்காங்க?" என்று பேத்தி கேட்டுக்கொண்டிருக்கும்போதே படம் நின்று அழைப்பு வந்தது. தாயில்பட்டியிலிருந்து ராக்கம்மாள். "டீச்சர், கண்காணி போயிட்டாக" என்றாள். சொல்லிவிட்டு அழுதாள்.

போனது அவளுடைய கூடப்பிறந்த அக்கா செல்லத்தாய். சொந்த அக்காவைக் கண்காணி என்று சொல்கிறாளே என்று கூட வேலை செய்த பழைய ஆட்கள் யாரும் கேட்கமாட்டார்கள். தெரியாதவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். செல்லத்தாயைக் கல்நெஞ்சுக்காரி என்று சொன்ன வாய்கள் இன்னும் ஊரில் இருக்கின்றன. அதில் ஒன்றிரண்டாவது இதைப் படித்து மூடினால் எனக்கு நிம்மதி.

அறுபதுகளின் நடுவில், நான் டீச்சர் டிரெய்னிங்குக்கு இடம் கிடைக்கக் காத்திருந்த காலம். என் அப்பாவுக்குச் சர்ச்சில் கோயில்பிள்ளை வேலை. மணி அடித்து, விளக்கேற்றி வருகிற வருமானத்தில் வீட்டில் அத்தனை பேரும் சாப்பிட முடியாது. அதனால் பட்டாசு வேலைக்குப் போனேன். சரவெடி பின்னுகிற அறையில் செல்லத்தாய் என் பக்கத்து இடம். அப்போது அவளைப் பார்த்திருக்க வேண்டும்! போர்மேன் வேட்டியை இழுத்துச் செருகுவதை அப்படியே செய்து காட்டுவாள். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலிக்கும். ஒரு சட்டிச் சோற்றை இரண்டு பேரும் பிசைந்து தின்றோம். அவள் வீட்டில் நான் சாப்பிட்டதற்கு என் வீட்டிலேயே இரண்டொருவர் முகம் சுளித்தார்கள். போங்கடா என்று விட்டுவிட்டேன்.

பிறகு அவளை எங்கள் அறைக்குக் கண்காணி ஆக்கினார்கள். பெண்களை மேய்க்கிற பொறுப்பு. மறுநாளே சிரிப்பு நின்றுவிட்டது. சோற்றுக்கும் தனியாகப் போய்விட்டாள். எனக்கு வாய் சும்மா இருக்குமா? "என்ன, மகாராணிக்கு மூஞ்சி இறுகிப் போச்சு?" என்று எல்லார் முன்னாலும் கேட்டேன். அவள் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "ஏ எஸ்தரு, நான் சிரிச்சா நீங்களும் சிரிப்பீக. சிரிச்சாப் பேச்சு வரும். பேச்சு வந்தாக் கையில இருக்கது மருந்துங்கிறது மறந்துபோகும்" என்றாள். மருந்து என்றால் வெடிமருந்து. நியாயம்தான். ஆனாலும் எனக்குக் கோபம் ஆறவில்லை. நியாயமாக இருந்ததால்தான் இன்னும் கூடுதலாகக் கோபம் வந்தது.

அந்தச் சமயத்தில்தான் ராக்கம்மாள் வேலைக்கு வந்தாள். முதல் நாளே செல்லத்தாய் சொல்லிவிட்டாள்: "இங்கன அக்கா தங்கச்சி கிடையாது. கண்காணின்னு கூப்பிடு." எங்கள் அறைக்கு ஒரே வாசல், அதுவும் குறுகல். வாசலை ஒட்டின இடம் வயிற்றுப்பிள்ளைக்காரிக்கு. அங்கிருந்து உள்ளே போகப் போகப் புதிதாக வந்தவர்கள். அதனால் ராக்கம்மாளுக்குக் கிடைத்தது கடைக்கோடி மூலை. அவர்களுடைய அம்மா கம்பெனி வாசலுக்கே வந்து, "சின்னப் பிள்ளையக் கொஞ்சம் காத்துப் படுற எடத்துல உக்கார வையேன் தாயி" என்று கெஞ்சினாள். "இருபது பேருக்கும் அம்மா இருக்காக" என்று சொல்லிவிட்டுச் செல்லத்தாய் உள்ளே போய்விட்டாள்.

சாயங்காலம் வேலை முடிந்தால் அவள் வாசலில் நிற்பாள். எல்லாரும் வெளியே வந்த பிறகு, கடைசியாக வருகிறவள் திரும்பி ஒரு பார்வை பார்த்து, "உள்ள ஆளில்ல, கண்காணி" என்று சொல்ல வேண்டும். அந்தச் சொல் காதில் விழாமல் அவள் இடத்தை விட்டு அசையமாட்டாள். மூலையில் இருந்ததால் தினமும் அதைச் சொன்னது ராக்கம்மாள்தான். சில நாள் வேண்டுமென்றே இழுத்து இழுத்துச் சொல்லுவாள். அக்காவின் உதடு லேசாகத் துடிக்கும், சிரிக்கமாட்டாள்.

தீபாவளிக்கு முந்தைய சீசன். லோடு லோடாகச் சரக்கு போய்க்கொண்டிருந்தது. ஒரு மத்தியானம் நடுவரிசையில் திரிக்கட்டில் பொறி விழுந்தது. எப்படி விழுந்தது என்று இன்றுவரை தெரியாது. புஸ்ஸென்று சத்தம், பிறகு ஒரே புகை. எல்லாரும் ஒன்றாக எழுந்து ஓடியிருந்தால் அந்த வாசலில் சிக்கி அத்தனை பேரும் கரிக்கட்டைதான். செல்லத்தாய் வாசலில் நின்று ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டாள், உட்கார்ந்திருந்த வரிசைப்படி வாசலிலிருந்து உள்நோக்கி. கூப்பிட்டவளைக் கையைப் பிடித்து வெளியே இழுத்தாள். ராக்கம்மாள் உள்ளேயிருந்து "அக்கா! அக்கா!" என்று கத்தினாள். எனக்கு அந்தக் குரல் கேட்டது, அவளுக்கும் கேட்டது. அடுத்த பெயரைத்தான் கூப்பிட்டாள். பெயர் தப்பவில்லை, குரல் நடுங்கவில்லை.

கடைசியாக ராக்கம்மாள் வந்தாள். இடது கை முழங்கை வரைக்கும் வெந்திருந்தது. அந்தக் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அக்காவின் முகத்தைப் பார்த்து, "உள்ள ஆளில்ல, கண்காணி" என்றாள். அன்றைக்கு ஒரு உயிர்கூடப் போகவில்லை. ஆனால் அன்றிலிருந்து ராக்கம்மாள் வாயில் அக்கா என்ற சொல் வரவில்லை. வீட்டிலும் கண்காணிதான். "அவுகதானே அப்படிக் கூப்பிடச் சொன்னாக" என்பாள். ஊரும் சேர்ந்துகொண்டு கல்நெஞ்சுக்காரி என்றது. பெற்ற தாயே கொஞ்ச நாள் செல்லத்தாய் கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்கவில்லை.

சீசன் முடிந்து கம்பெனி மூடியிருந்தபோது முதலாளி எங்களுக்கெல்லாம் ஒரு படம் போட்டார். அவருடைய தம்பி அச்சாபீசுக்கு ஜப்பானிலிருந்து மெஷின் வாங்கின வழியில் ஒரு படப்பெட்டியும் வந்திருந்தது. ஜப்பான் படம், எல்லாம் வரைந்தது. குடோன் சுவரில் வேட்டி கட்டிப் போட்டார்கள். எங்களுக்கு மணல், போர்மேனுக்கும் கண்காணிக்கும் நாற்காலி. கடலைத் தாண்டிப் போகிற கொக்குக் கூட்டத்தின் கதை. பாஷை புரியவில்லை, புரியவும் தேவையில்லை. மற்ற கொக்குகளுக்குக் கண்ணில் தண்ணீர் திரளும், கழுத்து வளையும். முன்னால் பறக்கிற தலைக்கொக்குக்கு மட்டும் கண்ணை ஒரே கோடாக இழுத்துவிட்டிருந்தார்கள். பனிக்காற்றில் ஒரு குஞ்சு கடலில் விழுந்தது. தலைக்கொக்கு திரும்பவே இல்லை. "பாவிக் கொக்கு!" என்று பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். இரண்டொருத்தி நாற்காலிப் பக்கம் திரும்பிப் பார்த்தது எனக்குத் தெரியும்.

செல்லத்தாய் நாற்காலியை விட்டு எழுந்து வந்து மணலில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். கண்காணியான பிறகு அப்படி வந்தது அன்றைக்குத்தான். அழுகிறாளோ என்று பார்த்தேன். இல்லை, எரிச்சலில் இருந்தாள்.

"அந்தக் கொக்கத் திட்டாதீக. அதுக்கு யாரு விழுந்தான்னே தெரியாது. முன்னால பறக்குதுல்ல. திரும்பிப் பாத்தா அம்புட்டும் திரும்பும், அம்புட்டும் விழும்."

"அப்ப அது செஞ்சது சரின்னு சொல்றியா?"

"திரும்பாதது சரி. முன்னால நின்னது தப்பு" என்றாள். "நானும் வாசல்லதானே நின்னேன், எஸ்தரு. முத ஆளா வெளிய போற எடத்துல நின்னுக்கிட்டு அவளக் கடைசியாக் கூப்பிட்டேன்." அப்போதுதான் அவள் குரல் உடைந்தது. நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். எனக்கு இருந்த கோபமெல்லாம் அந்த மணலிலேயே போயிற்று.

கம்பெனி திறந்த அன்று அவள் தன் மணையைத் தூக்கிக்கொண்டு போய்க் கடைக்கோடி மூலையில் போட்டாள். மற்றவர்கள் எல்லாம் வாசல் பக்கமாக ஒரு இடம் தள்ளி உட்கார்ந்தோம். வாசலில் நிற்கிற வேலை எனக்கு. "கூப்பிடுற குரல் உன்னது. கடைசியா வெளிய வைக்கிற கால் என்னது" என்றாள். போர்மேன் குதித்துப் பார்த்தார்: "கண்காணி மூலையில உக்காந்தா மரியாதை என்னத்துக்கு ஆகும்?" அவள் பாட்டுக்குச் சரம் பின்ன ஆரம்பித்துவிட்டாள். முகம் பழையபடி இறுகித்தான் இருந்தது. ஆனால் அதற்குப் பிறகு அந்த முகத்தைப் பார்த்து எங்களில் ஒருத்தியும் கேலி பேசவில்லை.

நான் டிரெய்னிங் போய், டீச்சராகி, மல்லாங்கிணறு பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியையாக ஓய்வு பெற்றேன். அவள் வேலையை விட்ட நாள்வரை அந்த மூலைதான். நான் போய்ப் பார்க்கும்போதெல்லாம் ராக்கம்மாள்தான் கஞ்சி காய்ச்சிக் கொடுப்பாள், கால் பிடித்துவிடுவாள். ஆனால் அந்த ஒரு சொல் மட்டும் வராது. "இன்னுமா கூப்பிட மாட்டேங்கா?" என்று ஒருமுறை பொறுக்காமல் கேட்டேன். "கூப்பிடாட்டாப் போகுது. உசுரோட இருந்துக்கிட்டுத்தானே கூப்பிடாம இருக்கா" என்றாள் செல்லத்தாய். சொல்லிவிட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். எத்தனை ஆசை இருந்தது என்று எனக்கல்லவா தெரியும்.

அவளிடமிருந்து நான் எடுத்துவைத்துக்கொண்டது ஒரு பழக்கம். பள்ளிக்கூடத்தில் மணி அடித்தால் பிள்ளைகள், டீச்சர்கள் எல்லாரும் போகட்டும் என்று இருப்பேன். கடைசி வகுப்பை எட்டிப் பார்த்து, உள்ள ஆளில்ல என்று மனசுக்குள் சொல்லிவிட்டுத்தான் கேட்டைத் தாண்டுவேன். கண்டிப்பான டீச்சர், யாரோடும் ஒட்டமாட்டாள் என்று என்னையும் சொன்னார்கள். சொல்லட்டுமே.

அடக்கத்தன்று தெருவில் பாடையைக் கட்டி, அவளைக் கிடத்தித் தூக்கத் தயாராக நின்றார்கள். ராக்கம்மாளைக் காணவில்லை. வீட்டுக்குள் போயிருந்தாள். ஒவ்வொரு அறையாகப் பார்த்துவிட்டு, எல்லாப் பெண்களுக்கும் பின்னால் கடைசியாக வெளியே வந்தாள். ஆண்களை விலக்கிக்கொண்டு போய், தழும்பேறிய இடது கையால் அந்த இறுகின கன்னத்தைத் தொட்டாள். குனிந்து காதோரமாகச் சொன்னாள்:

"உள்ள ஆளில்லக்கா. நீ போ."